பங்கேற்பாளர் எண் நான்கு

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, என் மகள் அபிராமி மூன்று பக்கத் தாள் ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

அவள் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க, அவள் நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டவன் நான். சுற்றுலாவுக்கு அனுமதி, தடுப்பூசிக்கு அனுமதி, நீச்சல் குளத்துக்கு அனுமதி. என்ன எழுதியிருக்கிறது என்று பாதி புரியாது. போட்டுவிடுவேன். இந்தத் தாளில் மட்டும் அவள் சட்டென்று போட விடவில்லை. பேனாவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“வாசிச்சுக் காட்டணும்ப்பா. அதுதான் விதி.”

வாசித்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். “இந்த ஆய்வில் பங்கேற்பது முழுக்கத் தங்கள் விருப்பம். எந்தக் கேள்விக்கும் தாங்கள் பதில் சொல்ல மறுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. குறித்த தேதிக்குள் தாங்கள் சொன்னது முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆய்வு செய்பவர் தங்கள் உறவினர் என்றாலும், தாங்கள் மறுப்பதால் அந்த உறவுக்கு எந்தப் பாதிப்பும் வராது.”

அடுப்படியிலிருந்து என் மனைவி ஜெயா எட்டிப் பார்த்தாள். “யாருடி அது தாங்கள்? வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காகளா?”

“அம்மா, ப்ளீஸ். இது கமிட்டி ஒத்துக்கிட்ட வாசகம். ஒரு வார்த்தைகூட மாத்தக் கூடாது.”

அந்த மொழிபெயர்ப்பு சரிதான் என்று இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுக்கவே பதினைந்து நாள் ஆனதாம். அதன் பிறகு ஒரு குழு கூடி, மகள் தன் அப்பனிடம் கேள்வி கேட்கலாமா என்று பேசி முடிவெடுத்ததாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் நான் நின்ற வரிசைகள் எத்தனையோ. தாலுகா ஆபீஸ், துபாய் விமான நிலையம், இந்த நாட்டு விசா ஜன்னல். கேள்வி கேட்டவர்கள் யாரும், நீ பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று என்னிடம் சொன்னதில்லை. முதன்முதலாக அதைச் சொன்னது நான் பெற்ற பிள்ளை.

கையெழுத்துப் போட்டேன். என் பெயருக்குப் பக்கத்தில் அவள் ஒரு எண்ணை எழுதினாள். இனிமேல் அவளுடைய தாள்களில் நான் பெருமாள் இல்லை. பங்கேற்பாளர் எண் நான்கு.

2

இதெல்லாம் எதற்கு என்று சொல்ல வேண்டுமானால், எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் நாலு வருடமாக ஒட்டியிருக்கும் ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் நடுவே ஒரு பல்கலைக்கழக ஊர். ஜெயா உத்தமபாளையத்துக்காரி, நர்ஸ். அவள் படிப்பைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். பத்தாவது வரை படித்த எனக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவும் வேலை கிடைத்தது. அதிகம் பேச வேண்டாத வேலை. பெல்ட்டில் தட்டுகள் வரும், மிச்சத்தைத் தள்ளிவிட்டு மெஷினில் அடுக்குவேன். கூச்ச சுபாவக்காரனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பணியாளர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பதால் அபி அங்கேயே சேர்ந்தாள்.

அவள் எடுத்தது சர்வதேச உறவுகள். என் தம்பி பாண்டிக்குப் போனில் விளக்க முயன்றேன்.

“ஒரு நாட்டுக்காரக இன்னொரு நாட்டுக்காரக கூட எப்படிப் பேசணும், எப்படி ஒப்பந்தம் போடணும்னு படிக்கிறா.”

“இதுக்கு நாலு வருசமாண்ணே? கம்பம் பஸ் ஸ்டாண்டுல ஒரு நாள் நிக்கச் சொல்லு. தமிழ், மலையாளம் ரெண்டுலயும் சண்டை போடக் கத்துக்கிடுவா.”

நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்தத் தாளை வாசிக்கும் வரை. பட்டம் வாங்க என்னென்ன முடிக்க வேண்டும் என்ற பட்டியல் அது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம். முடிந்ததும் அபி பச்சை மையில் டிக் போடுவாள். பொருளாதாரம் இரண்டு பாடம். கணக்கை வைத்து மனிதர்களை அளக்கும் புள்ளியியல் ஒன்று. உலக வரலாறு. அந்நிய மொழி நாலு பருவம். அவள் பிரெஞ்சு எடுத்தாள். உலகத்தில் ஏதாவது ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அந்த மக்களின் மதம், நிலம், சண்டை, சமாதானம் எல்லாம் படிப்பது. தன் நாட்டைவிட்டு வேறு நாட்டில் ஒரு பருவம். அதற்கு மொராக்கோ போனாள். ஹாஸ்டல் கூடாதாம். ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிட்டுப் படிக்க வேண்டுமாம்.

காலையில் பால் எடுக்கும்போதெல்லாம் அந்தத் தாளைப் பார்ப்பேன். ஓர் இருபது வயதுப் பெண் உலகத்தைப் புரிந்துகொள்ள இவ்வளவு வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். மொழி தெரியாமல் பேசாதே, கணக்குத் தெரியாமல் தீர்ப்புச் சொல்லாதே, அடுத்தவன் வீட்டில் சாப்பிடாமல் அவனைப் பற்றி எழுதாதே. பட்டியலில் இப்படி எழுதியிருக்கவில்லை. எனக்கு அப்படித் தெரிந்தது. கோயிலில் பெரிய தேரை அண்ணாந்து பார்ப்பது மாதிரி நின்று பார்ப்பேன். ஜெயா “பால் திரிஞ்சிறப் போகுது, கதவச் சாத்துங்க” என்பாள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டம். ஆய்வுக் கட்டுரை. அது இல்லாமல் பட்டம் இல்லை.

ஒருவரையொருவர் நம்பாத இரண்டு தரப்பு ஒப்பந்தம் போட்டால், அதை யார் கண்காணிப்பது? இதுதான் அவள் எடுத்துக்கொண்ட கேள்வி. பெரிய நாடுகள் ஆயுதங்களைப் பற்றிப் போட்ட ஒப்பந்தங்களுக்கு மூன்று அத்தியாயம். நாலாவது அத்தியாயத்துக்குச் சின்னதாக ஓர் உதாரணம் தேடினாள். பாண்டிதான் போனில் எங்கள் வாய்க்கால் முறையைச் சொல்லியிருக்கிறான். அவளுடைய பேராசிரியை கேட்டுவிட்டு, “இதை விடாதே” என்றாராம்.

அன்றைக்கிலிருந்து ஃபிரிட்ஜ் கதவைப் பார்க்காமலே பால் எடுத்தேன்.

3

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் மார்க்கையன்கோட்டைக்கும் நடுவில். முல்லையாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் தலைமடை எங்களுக்கு. நாலு கிலோமீட்டர் தள்ளிக் கடைமடை இன்னொரு ஊருக்கு. இரண்டாம் போகத்தில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்போம். மூன்று நாள் நாங்கள், மூன்று நாள் அவர்கள்.

சிக்கல் ஒன்று உண்டு. நாங்கள் மடையை அடைத்த உடனே தண்ணீர் கடைமடைக்குப் போய்விடாது. காய்ந்த வாய்க்கால் குடிக்கும். போய்ச் சேர அரை நாளுக்கு மேல் ஆகும். அவர்களுடைய மூன்று நாளை எப்போதிருந்து எண்ணுவது? அதற்குத்தான் செம்பு.

அவர்கள் ஆள் ஒருவர் எங்கள் தலைமடையில் உட்காருவார், நாங்கள் திருட்டுத்தனமாகத் திறக்காமல் பார்க்க. எங்கள் ஆள் ஒருவர் கடைமடையில் உட்காருவார். தண்ணீர் வந்து சேர்ந்ததும் அங்கே ஒரு செம்பு மோந்து, சைக்கிளில் தலைமடைக்குக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் மடைக்கல்லில் ஊற்ற வேண்டும். அந்த நேரத்திலிருந்து கணக்கு. காவலுக்குப் போனவருக்குச் சாப்பாடு எதிர்த் தரப்பு வீட்டில். அவர்கள் ஆள் எங்கள் வீட்டில் சாப்பிடுவார், எங்கள் ஆள் அவர்கள் வீட்டில்.

பாண்டியும், ஊரில் இன்னும் இரண்டு பேரும் அபியிடம் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள். “சண்டை வந்திருக்கு, வாய்த்தகராறு வந்திருக்கு. ஆனா செம்புல மட்டும் ஒரு தடவைகூடப் பொய் நடந்ததில்ல ஆத்தா.”

அவர்கள்தான் பங்கேற்பாளர் ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அத்தியாயம் அதன்மேல்தான் நின்றது.

4

சாப்பாட்டு மேசையில் போனை வைத்து ரெக்கார்டு அழுத்தினாள். முதல் ஐந்து கேள்வி சுலபம். எந்த வருடம், என்ன வயது, யார் வீட்டில் சாப்பாடு.

ஆறாவது: “இந்த முறையில யாராவது ஏமாத்தினாகன்னு உங்களுக்குத் தெரியுமா?”

நான் மறுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அவளே வாசித்துக் காட்டியிருந்தாள். ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். காலியாக இருந்த அந்த ஒரு கட்டம் இங்கிருந்தே தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டால் அடுத்த வாரம் அதில் பச்சை டிக் விழும். ஆனால் அந்தப் பட்டியலை நாலு வருடமாக அண்ணாந்து பார்த்தவன் நான். அதன் கடைசிக் கட்டத்தைப் பொய்யால் நிரப்ப எனக்குப் பயமாக இருந்தது.

“தெரியும்,” என்றேன். “நான்தான்.”

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. நெல் பால் பிடிக்கிற நேரம். கடைமடைக் காவலுக்கு என்னை அனுப்பினார்கள். கிளம்பும்போது என்னைப் பெற்ற அய்யா, “சீக்கிரம் வாடா, நம்ம வயக்காடு வெடிச்சுக் கெடக்கு” என்றார். பொய் சொல்லச் சொல்லவில்லை. சீக்கிரம் வா என்றுதான் சொன்னார். கடைமடையில் எனக்குச் சோறு போட்டது வெள்ளையம்மா அக்கா. அவர் வீட்டுக்காரர் சுருளி அண்ணன்தான் அந்த நேரம் எங்கள் தலைமடையில் காவல். அவருக்கு எங்கள் அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார். அக்கா மொச்சைக் குழம்பு ஊற்றி, “வெக்கப்படாமச் சாப்பிடு தம்பி” என்று இரண்டாம் தடவையும் சோறு வைத்தார். சாப்பிட்டுவிட்டு வாய்க்காலைப் பார்த்தேன். தண்ணீர் வரவில்லை. காலை பத்து மணி, பதினொரு மணி. வரவில்லை. சைக்கிளை எடுத்தேன். வழியில் ஒரு தென்னந்தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டியில் செம்பை முக்கினேன்.

தலைமடையில் எல்லோரும் நின்றார்கள். கல்லில் ஊற்றினேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. காய்ந்த வாய்க்காலில் வரும் முதல் தண்ணீர் செம்மண் கலங்கலாக, நுரையும் சருகுமாக இருக்கும். என் செம்பிலிருந்து விழுந்தது கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். எங்கள் ஊர்க்காரர்கள் கல்லைப் பார்த்தார்கள். சுருளி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “சரி, மணி பன்னெண்டு” என்றார். கணக்கு ஆரம்பமானது.

தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குப் பொழுது சாயும்போது. அவர்களுக்கு அரைப் பகல் குறைந்தது. அந்த ஊரிலேயே தண்ணீர் கடைசியாக எட்டும் வயல் வெள்ளையம்மா அக்காவுடையது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. அந்தக் கோடையிலேயே திருப்பூருக்கு வேலைக்குப் போனேன், பிறகு துபாய், பிறகு இங்கே. அதற்காகத்தான் ஊரை விட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் பஸ் ஏறும்போது நிம்மதியாக இருந்தது உண்மை.

அபி முழுக்கக் கேட்டாள். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. “தொட்டி வாய்க்கால்ல இருந்து எவ்வளவு தூரம்?” என்றாள். “அங்கன இருந்தவங்க எத்தனை பேர்?” என்றாள். குறித்துக்கொண்டாள். என் மகளை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ரெக்கார்டை நிறுத்தினாள். அப்புறம்தான் மகளானாள். “அப்பா, என் நாலாவது சாப்டர் இடிஞ்சு போச்சு.”

“தெரியும்த்தா.”

“இவ்வளவு நாள் ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கலையே.”

ஜெயா கரண்டியோடு வந்து நின்றாள். “கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசம். எங்கிட்ட மூச்சு விடல. நானும் மூணு பக்கத்துக்குக் கையெழுத்து வாங்கியிருக்கணும் போல.”

5

பேராசிரியை சொன்னாராம்: ஒரு தரப்பு மட்டும் சொன்னால் அது வாக்குமூலம். இரண்டு தரப்பும் சொன்னால்தான் ஆய்வு.

சுருளி அண்ணன் இப்போது இல்லை. இறந்து சில வருடம் ஆகிறது. பாண்டி மூலம் அபி வெள்ளையம்மா அக்காவின் போன் எண்ணைப் பிடித்தாள். எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார், இரண்டு மாடு வைத்திருக்கிறார். நான் சொன்னதை அவரிடம் சொல்லக் கூடாது, அதே கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும் என்பது விதி. பேசும்போது நான் வீட்டில் இருக்கக் கூடாது என்பதும் விதி.

எங்களுக்குச் சனிக்கிழமை காலை, அங்கே சாயங்காலம். நான் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். பனி உருகுகிற பருவம். குவித்து வைத்த பனிக்கு அடியிலிருந்து தண்ணீர் கிளம்பி சாக்கடை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. முதலில் வந்தது கறுப்பாக, போன வருடத்து இலைகளை இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அபி மேசையில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“அவங்க ஒரு கண்டிஷன் போட்டாங்கப்பா. உங்கப்பனுக்கு இதப் போட்டுக் காட்டுன்னு. அவங்க பேச்சு, அவங்க பெர்மிஷன். அதனால காட்டலாம்.”

போட்டாள். முதலில் ‘தாங்கள், தங்கள்’ என்று அபியின் குரல். பிறகு முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு நான் கேட்ட குரல்.

“நீ தலைமடைப் பெருமாள் மகளா?”

“ஆமாங்க.”

“உங்கப்பன் சொன்னானா?”

“மத்தவங்க சொன்னத நான் சொல்லக் கூடாதுங்க. விதி.”

“சரி. அப்பச் சொல்லிட்டான்.”

ஜெயா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கேளு ஆத்தா. எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் சொல்லிட்டாக. தெளிஞ்ச தண்ணி ஊத்துறான்டி அந்தப் பய, அப்படின்னாக. ஏன் அங்கனயே கேக்கலன்னு நான் சண்டை போட்டேன். அவுக சொன்னாக, கேட்டிருந்தா அங்கனயே கைகலப்பு. அதுக்கப்புறம் யாரு வீட்ல யாரு சாப்புடுவா? அடுத்த வருசம் செம்ப யாரு தூக்குவா? ஒரு வயலு போகட்டும், மொற போகக் கூடாதுன்னாக. போனது எங்க வயலு. அந்த வருசம் எனக்கு அத்தனையும் பதரு.”

மாடு ஒன்று கத்தியது.

“அடுத்த வருசம் அவுக போயி, செம்பு கூட எங்க ஆளு ஒருத்தரும் சைக்கிள்ல வருவாகன்னு கேட்டாக. ஏன்னு உங்க ஊர்ல ஒருத்தரும் கேக்கல. கேக்காமலே ஒத்துக்கிட்டாக. அதுலயே தெரிஞ்சு போச்சுல்ல, எல்லாருக்கும் தெரியும்னு.”

எனக்கு அது தெரியும். செம்புக்கு இப்போது இரண்டு பேர் போகிறார்கள் என்று திருப்பூரில் இருக்கும்போதே பாண்டி சொன்னான். துணைக்கு என்று நினைத்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு வாய்க்கால் முழுக்க என்னால் ஒரு விதியை நடத்திக்கொண்டிருக்கிறது, என் பெயரைச் சொல்லாமல்.

அபியின் குரல் கேட்டது: “உங்க பேருக்குப் பதிலா ஒரு நம்பர் போடுவோம். பேர் வராது.”

“எதுக்கு? எம் பேரப் போடு. நான் என்ன பொய்த் தண்ணியா ஊத்துனேன், பேர மறைக்க?”

“சரிங்க. கடைசியா ஒண்ணு. நீங்க அவங்கள மன்னிச்சிட்டீங்கன்னு...”

“மன்னிச்சேன்னு எழுதிறாத ஆத்தா. நடந்தத எழுது.”

அதோடு முடிந்தது. ஜெயா எழுந்து போய் மூன்று டம்ளர் காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. மலைப்பாக இருந்தது. தன் நெல் பதராகும் என்று தெரிந்தே, கடிகாரத்தைப் பார்த்து ‘மணி பன்னெண்டு’ என்று சொன்ன ஒரு மனிதருக்கு எங்கள் அம்மா சோறு போட்டிருக்கிறார். எந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டு அவர் அதைக் கற்றார் என்று எனக்குத் தெரியவில்லை.

6

அபி நாலாவது அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினாள். முன்பு, யாரும் ஏமாற்றாததால் முறை நிலைத்தது என்று இருந்தது. இப்போது, ஏமாற்றப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதால் நிலைத்தது என்று வந்தது. அந்த அத்தியாயம்தான் கட்டுரையின் உயிர் என்று பேராசிரியை சொன்னாராம்.

ஆனால் ஒரு சிக்கல். வெள்ளையம்மா அக்காவின் பெயர் வந்தால், எங்கள் பக்கத்தில் யார் வாசித்தாலும் எண் நான்கு யார் என்று தெரிந்துவிடும். அபி அதை ஒரே தடவை சொன்னாள்.

“விலகுறதுன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குப்பா. விலகினா அந்தப் பகுதிய எடுத்துருவேன். அவங்க சொன்னதும் சேர்ந்து போகும். நான் பழைய மாதிரியே எழுதி முடிச்சுருவேன்.”

“பழைய மாதிரி எழுதினா அது...”

“நான் எதுவும் சொல்லக் கூடாதுப்பா. வற்புறுத்தின மாதிரி ஆகிடும்.”

அதன் பிறகு நாலு நாள் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சாப்பாட்டுக்கு வந்தாள், குழம்பு நல்லா இருக்கு என்றாள், அறைக்குப் போனாள். அவள் கண்ணில்கூட ஒரு கேள்வியும் இல்லை. அவ்வளவு கவனமாக இருந்தாள். பாண்டிக்குப் போன் செய்தேன். அவன்தான் கத்தினான். “ஏண்ணே, செத்துப்போன கதையத் தோண்டி எதுக்கு? அய்யா பேரும் கெடும். ஊர்ல நான்ல நடக்கணும்?” அவன் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. போனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மெஷினிலிருந்து சுடுதண்ணீர் தெளிவாகக் கொட்டியது. மேற்பார்வையாளரிடம் போய், அரை நாள் லீவு வேண்டும் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நானாகப் போய்க் கேட்ட முதல் லீவு.

வீட்டில் அபி இருந்தாள். “நம்பருக்குப் பதிலா என் பேரப் போடணும்னா அதுக்கு ஃபாரம் உண்டா?” என்றேன்.

சிறிது நேரம் அவள் ஆய்வாளரா மகளா என்று அவளுக்கே தெரியவில்லை போல. பிறகு உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தாள். ஒரே பக்கம். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே ஒரு கோடு இருந்தது. ‘மாற்றத்துக்கான காரணம், விருப்பமிருந்தால்.’

அதில் நான் தமிழில் ஒரு வரி எழுதினேன். அபி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னப்பா எழுதியிருக்கீங்க? வாசிச்சுக் காட்டுங்க. அதுதான் விதி.”

வாசித்துக் காட்டினேன்.

“செம்பில் இருந்த தண்ணீர் தெளிந்திருந்தது.”